கீரை, கோபால்ட், ஒரு மஞ்சள் மருந்து: குன்னூர்ல இருந்து மெட்ராஸ் வரைக்கும் ஆறு நாள்

நாள் 1: மேட்டுப்பாளையம், குன்னூர்

ரொம்ப நாளா போலாம் போலாம்னு சொல்லிட்டே இருந்த பயணம், இன்னைக்குத்தாங்க கெளம்பினோம், நானும் எங்க அக்கா பொண்ணும். அவ பேரை போட வேண்டாம்னு சொல்லிட்டா, வீட்டுல கூப்பிடற மாதிரி பாப்பான்னே எழுதறேன். இருவது வயசாச்சு, கோயமுத்தூர்ல ஒரு காலேஜ்ல நியூட்ரிஷன் ரெண்டாவது வருஷம். நான் கணபதி பக்கம் ஒரு மெட்டீரியல் டெஸ்டிங் லேப்ல பதினெட்டு வருஷமா இருக்கேன். ஃபவுண்டரியில இருந்து வர்ற காஸ்டிங் துண்டை அறுத்து, எமரி பேப்பர்ல தேச்சு, துணிச் சக்கரத்துல பாலிஷ் பண்ணி, நைட்டால்ங்கற ஆசிட் கரைசலைத் தொட்டு எட்ச் பண்ணி மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பாக்கறது, அதுதான் என் வேலை.

பாப்பாவுக்கு ஆறு வயசுல ரத்தப் புத்துநோய் வந்துச்சு. ரெண்டரை வருஷம் வைத்தியம். அதுல மெத்தோட்ரெக்ஸேட்னு ஒரு மருந்து, பாட்டில்ல மஞ்சக் கரைச்ச தண்ணி மாதிரி இருக்கும், முதுகுத்தண்டுலயும் ஊசியா போடுவாங்க, பின்னாடி வாரத்துக்கு ஒருக்கா மாத்திரையா குடுத்தாங்க. வாயெல்லாம் புண்ணு வந்து மோர்கூட முழுங்க முடியாம அவ அழுதது இன்னமும் என் காதுல இருக்கு. அப்ப எங்க அக்கா, புள்ளைக்கு ரத்தம் ஊறட்டும்னு மெடிக்கல்ல ஒரு வைட்டமின் டானிக் வாங்கிக் குடுத்துட்டு இருந்தா. டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படிச்சாங்க, படிச்சுட்டு, "கீரை, பருப்பு, பழம் எல்லாம் சாப்பாட்டுல தாராளமா குடுங்க, ஆனா ஃபோலிக் ஆசிட் இருக்கற டானிக், மாத்திரை எதையும் எங்களைக் கேக்காம குடுக்காதீங்க, இந்த மருந்து வேலை செய்யறதே அதைத் தடுத்துத்தான்"னு சொன்னாங்க. ரத்தம் ஊற வைக்கற சத்தை ஏன் தடுக்கணும்? அன்னைக்கு எங்களுக்கு அது பிடிபடவே இல்லை.

போன வருஷம் பாப்பா பாடத்துல ஃபோலிக் ஆசிட் வந்துச்சு. ஒரு நாள் ராத்திரி ஹாஸ்டல்ல இருந்து ஃபோன். "சித்தி, எனக்குக் குடுத்தாங்கல்ல அந்த மஞ்ச மருந்து, அது வந்த கதையில நம்ம குன்னூர் வருது, மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரி வருது, உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. கோயமுத்தூர்ல பொறந்து வளந்து, குன்னூருக்கு எத்தனை தடவை போயிருப்பேன், பைக்காரா பாத்திருக்கேன், டால்பின் நோஸ் பாத்திருக்கேன், இது மட்டும் தெரியாது. அதான் இந்தப் பயணம்.

காலைல 7:10 மலை ரயில். கல்லார் தாண்டினதும் தண்டவாளத்துக்கு நடுவுல பல்லு வெச்ச ரயில் ஆரம்பிக்குது, ரெண்டு வரிசை, ஒரு வரிசையோட பல்லு இன்னொரு வரிசையோட பள்ளத்துக்கு நேரா வர்ற மாதிரி தள்ளித் தள்ளி வெச்சிருக்காங்க, அப்பத்தான் எந்த நேரமும் ஏதாவது ஒரு பல்லு இஞ்சின் சக்கரத்தைப் புடிச்சிட்டு இருக்கும். பன்னண்டு அடி போனா ஒரு அடி ஏத்தம், பின்னாடி இருந்து இஞ்சின் தள்ளுது. ஹில்குரோவ்ல தண்ணி புடிக்க நிறுத்தினப்ப குனிஞ்சு பாத்தேன். பல்லோட ஒரு முகம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளங்குது, அடுத்த பக்கம் கறுப்பா கிரீஸ் ஒட்டிக் கெடக்கு. பாரம் தாங்கற முகம் எதுன்னு அதைப் பாத்தாலே தெரிஞ்சுடும். 1899-ல குன்னூர் வரைக்கும் வந்த பாதை இது. பாப்பா என்னையே பாத்துட்டு இருந்தா, "சித்தி, எல்லாரும் அருவிய போட்டோ எடுக்கறாங்க, நீ இரும்பை எடுக்கற"ன்னா. அருவி எப்பவும் இருக்கும் கண்ணு, இந்தப் பல்லை எப்ப கிட்டத்துல பாக்கறது?

நாள் 2: குன்னூர்

சிம்ஸ் பார்க்குக்கு எதிர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட். 1907-ல வெறிநாய்க்கடிக்கு மருந்து போடறதுக்காக ஆரம்பிச்ச எடம். குழந்தைகளுக்குப் போடற தடுப்பூசி தயாரிக்கற எடம்னுதான் நம்ம ஊர்ல அதைத் தெரியும். உள்ள போகல, ரோட்டோரம் நின்னு அந்தப் பழைய கட்டடத்தைப் பாத்துட்டு, எதிர்ல பார்க்குல போய் பெஞ்சுல உக்காந்தோம், பாப்பா ஒரு நோட்டு நெறைய எழுதிட்டு வந்திருந்தா.

1918-ல ராபர்ட் மெக்காரிசன்னு அயர்லாந்துல பொறந்த ஒரு பிரிட்டிஷ் டாக்டர் இங்க ஒரே ஒரு ரூம்ல பெரிபெரி விசாரணைன்னு ஒண்ணு ஆரம்பிக்கறார். பெரிபெரின்னா தவிடு நீக்கித் தீட்டின அரிசியவே தின்னுட்டு இருந்தா வர்ற நோய், கால் மரத்துப் போகும், வீங்கும், இருதயம் நிக்கும், பி1 சத்து இல்லாததால வர்றது. அந்த ஒரு ரூம்தான் வளந்து வளந்து, 1958-ல ஹைதராபாத்துக்குப் போய், 1969-ல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் மாத்திக்கிச்சு. அதை ஹைதராபாத்ல வளத்த சி. கோபாலன் நம்ம சேலத்துக்காரர், நூறு வயசைத் தாண்டி 2019-லதான் போனார். பாப்பா கையில வெச்சுட்டுத் திரியற உணவுச் சத்து அட்டவணை, 528 உணவுக்கு அளந்து 2017-ல போட்டாங்களே, அது அங்க இருந்து வந்ததுதான். அதுக்கு முந்தி 1930-கள்ல முதல் அட்டவணை வந்தது இந்தக் குன்னூர்ல இருந்து, அய்க்ராய்டுன்னு மெக்காரிசனுக்கு அப்புறம் வந்த டைரக்டர் காலத்துல.

மெக்காரிசன் செஞ்ச ஒரு சோதனை என்னைக் கொஞ்சம் கலங்க வெச்சிருச்சுங்க. எலிகளைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவுல ஒவ்வொரு ஊர்க்காரங்க சாப்பாட்டைக் குடுத்துப் பாக்கறார். சீக்கியர் சாப்பாடு தின்ன எலி, அதாவது முழு கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய் தின்ன எலி, கொழுகொழுன்னு நல்லா வளருது. கடைசியில நிக்கறது மெட்ராஸ் சாப்பாடு தின்ன எலி, தீட்டின அரிசி, கொஞ்சூண்டு காய், பால் பேருக்கு. எங்க பாட்டி காலத்துல பண்ணையத்துல வேலை செஞ்ச ஜனங்களுக்குக் களியும் கம்பஞ்சோறும் இருந்துச்சு, அரிசிச் சோறு கெடைக்கறதுதான் வசதின்னு நெனச்சாங்க, அந்த வெள்ளச் சோறே சத்துல கடைசின்னு இந்த மலைமேல ஒரு ரூம்ல எலி எடை போட்டு எழுதி வெச்சிருக்காங்க.

இப்பதான் முக்கியமான ஆள் வர்றாங்க. லூசி வில்ஸ், இங்கிலாந்துப் பெண் டாக்டர். 1928-ல பம்பாய் வர்றாங்க. அங்க மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பமா இருக்கறப்ப ஒரு மோசமான ரத்தசோகை வந்து செத்துட்டு இருந்தாங்க. சாதாரண இரும்புச் சத்துக் குறைவு இல்லை, மைக்ராஸ்கோப்புல பாத்தா ரத்த அணு சின்னதா வெளுத்து இருக்காது, பெருசு பெருசா ஊதிப் போய் இருக்கும். வீடு வீடாப் போய் என்ன சாப்பிடறாங்கன்னு எழுதறாங்க. ஏழைகள் வீட்டுல பழம், கீரை, பால் எதுவுமே சரியா இல்லை. 1929-ல அந்த வேலையத் தூக்கிட்டு இங்க குன்னூருக்கு வந்து, அதே சாப்பாட்டை எலிக்குக் குடுக்கறாங்க. எலிக்கும் ரத்தசோகை வருது. ஆஹா கண்டுபுடிச்சாச்சுன்னு நெனச்சா, அப்புறம் தெரியுது, எலி மேல இருந்த பேன் பரப்பின ஒரு கிருமியும் அந்த ரத்தசோகைக்குக் காரணம்னு. பேனை ஒழிச்சுட்டுத் திரும்ப முதல்ல இருந்து.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க லேப் ஞாபகம் வந்துருச்சு. ஒரு தடவை பிரினெல் ஹார்ட்னஸ், அதாவது இரும்போட கடினத்தைச் சொல்ற எண், ரெண்டு நாளா ஏறி இறங்கி வந்துட்டு இருந்துச்சு, காஸ்டிங்தான் மோசம்னு பார்ட்டிக்கு ரிப்போர்ட் அடிக்கப் போற நேரத்துல, சாம்பிளுக்கு அடியில ஒரு பிசிறு ஒட்டி அது லேசா ஆடிட்டு இருந்ததைப் பாத்தோம். எடுத்துத் தொடச்சுட்டு எல்லா துண்டையும் மறுபடி போட்டோம். லேப் வேலைன்னா பாதி இதுதாங்க. முடிவு நமக்குப் புடிச்ச மாதிரி வர்றப்பதான் இன்னொரு தரம் குனிஞ்சு அடியில பாக்கணும்.

எலிக்கு அப்புறம் குரங்குலயும் செஞ்சு பாக்கறாங்க. அந்த ஊதிப் போன அணு ரத்தசோகை குரங்குக்கு வருது. எதைக் குடுத்தா சரியாகுதுன்னு தேடினா மார்மைட். பீர் காய்ச்சினப்புறம் மிஞ்சற ஈஸ்ட்ல செய்யற ஒரு வெலை கொறைஞ்ச கறுப்புக் களிம்பு, வெள்ளைக்காரங்க ரொட்டியில தடவித் திம்பாங்க. அதுல என்ன இருக்குன்னு அப்ப யாருக்கும் தெரியாது. வில்ஸ் காரணின்னு அவங்க பேரையே வெச்சாங்க.

பாப்பா அந்த பாட்டில் ஒண்ணை ஆன்லைன்ல வாங்கிப் பையில வெச்சிருந்தா. ராத்திரி ரூம்ல தோசை வாங்கி அதுல தடவித் தின்னு பாத்தோம். நிறம் தார் மாதிரி, ஸ்பூனைத் தூக்கினா நூலா இழுக்குது, நாக்குல வெச்சதும் முதல்ல ஒரே உப்பு, அப்புறம் அடிப்பிடிச்ச குழம்போட ருசி, கடைசியில காளான் மாதிரி ஒண்ணு தங்குது. பாப்பா ரெண்டு தோசை தின்னா.

நாள் 3: குன்னூர், கூடலூர், மைசூர்

இன்னைக்கு முழுக்க பஸ். ஊட்டி, கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு. காட்டுக்குள்ள மான் கூட்டம், ஒரு ஒத்தை யானை மரத்துக்குப் பின்னாடி பாதி ஒளிஞ்சு நின்னுச்சு. நஞ்சன்கூடுல வாழைப்பழம் வாங்கினோம். பாப்பாவுக்கு மலைப்பாதையில தலை சுத்தி மடியில படுத்துட்டா, ஆறு வயசுல ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ல படுத்திருந்த மாதிரியே. வேற ஒண்ணும் எழுதத் தோணல.

நாள் 4: மைசூர்

காலைல சி.எஃப்.டி.ஆர்.ஐ. பக்கம் போனோம், மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம். இளவரசிக்குன்னு கட்டின செலுவாம்பா மாளிகையிலதான் 1950 அக்டோபர்ல இதை ஆரம்பிச்சாங்க, வெளிய இருந்து பாத்தா வெள்ளைத் தூணும் தோட்டமுமா இன்னமும் அரண்மனைதான். முதல் டைரக்டர் வி. சுப்ரமணியன். எருமைப்பால்ல இருந்து குழந்தைக்குச் செரிக்கற மாதிரி பால் பவுடர் செய்யற முறை இங்க வந்துச்சு, அமுல் அதைத் தயாரிச்சாங்க. வேர்க்கடலை மாவு முக்கா பங்கு, கடலைமாவு கால் பங்கு, மேல வைட்டமின், சுண்ணாம்புச் சத்து சேத்து பஞ்சம் புடிச்ச காலத்துக்குன்னு ஒரு மாவு செஞ்சாங்க. இந்த நாட்டுல பசி எப்படி இருந்துச்சுன்னு அந்த மாவோட கணக்கே சொல்லுது.

எனக்கு ரொம்பப் புடிச்சது புழுங்கல் அரிசி விஷயம். நெல்லை ஊற வெச்சு அவிக்கறப்ப தவிட்டுப் பக்கம் இருக்கற பி1 சத்து தண்ணியோட உள்ள எறங்கி அரிசிக்குள்ள போயிடும், அப்புறம் தீட்டினாலும் பச்சரிசி அளவுக்குப் போகாது. அதனாலதான் புழுங்கல் தின்னவங்களுக்குப் பெரிபெரி ரொம்பக் கொறைவு. நம்ம பாட்டிமாரு எந்த லேபும் இல்லாம செஞ்சுட்டு வந்தது. ஆனா பழைய முறையில நெல்லை ரெண்டு மூணு நாள் பச்சைத் தண்ணியில ஊறப்போட்டா புளிச்சு நாறும், இவங்க வெந்நீர்ல ஊற வெச்சு சில மணி நேரத்துல முடிக்கற முறையக் கொண்டு வந்தாங்க, அது ரைஸ் மில்லுகளுக்குப் போச்சு. இரும்புல நாங்க இதைத்தான் செய்யறோம், கார்பன் இருக்கற எடத்துல சூடு பண்ணி வெச்சா மேல் தோல்ல இருந்து உள்ள நடந்து போகும், கேஸ் ஹார்டனிங்னு சொல்லுவோம். நெல்லுக்குள்ள பி1 நடக்குது, கியருக்குள்ள கார்பன் நடக்குது. பாப்பா இதைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை, அப்புறம் நோட்டுல எழுதிக்கிட்டா.

மத்தியானம் என்கூட டிப்ளமோ படிச்ச தோழி ஒருத்தி வேலை செய்யற தனியார் உணவு டெஸ்டிங் லேபுக்குப் போனோம். வேர்க்கடலை சாம்பிள் வந்திருந்துச்சு. இப்ப எல்லாம் ஹெச்.பி.எல்.சி.ங்கற, கலவையப் பிரிச்சு அளக்கற மெஷின்லதான் பாப்பாங்க, ஆனா புதுசா வர்ற புள்ளைகளுக்குக் காட்டறதுக்குன்னு பழைய முறையும் வெச்சிருக்கா. ஒரு கண்ணாடித் தகடு, அதுமேல வெள்ளையா சிலிக்கா பூசினது, கீழ கடலைச் சாறைப் பொட்டு வெச்சு கரைப்பான்ல நிறுத்தினா அது மேல ஏறிட்டே போகும், ஏறறப்ப உள்ள இருக்கறது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரத்துல பிரிஞ்சு நிக்கும். அந்தத் தகட்டை இருட்டுப் பெட்டிக்குள்ள வெச்சு அல்ட்ரா வயலெட் லைட்டைப் போட்டா. நல்ல கடலைக்கு ஒண்ணும் தெரியல. பூஞ்சை புடிச்ச கடலைக்கு நீல நிறத்துல ஒரு பொட்டு, நெலா வெளிச்சத்துல வெச்ச மாதிரி. அதுக்குக் கீழ பச்சையா இன்னொண்ணு.

நீலம்தான் அஃப்லடாக்சின் பி, பச்சை ஜி, நிறத்தோட ஆங்கில முதல் எழுத்தையே பேரா வெச்சுட்டாங்க. 1960-ல இங்கிலாந்துல லட்சம் வான்கோழி காரணம் தெரியாம செத்துச்சு, தேடிப் போனா தீவனத்துல இருந்த பிரேசில் வேர்க்கடலைப் பிண்ணாக்கு, அதுல இருந்த பூஞ்சை விஷம். கல்லீரல் புத்துநோய்க்கு இது நிச்சயமான காரணம். பி53-ன்னு செல்லோட காவக்கார மரபணு ஒண்ணு இருக்கு, அதுல 249-வது எடத்துலயே குறி வெச்சுக் கெடுக்கும்னு கண்டுபுடிச்சிருக்காங்க. 1974-ல ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்கள்ல மழையில நனைஞ்ச மக்காச்சோளத்தைத் தின்னு நூறு பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்கு அதைத் தவிர வேற சாப்பாடு இல்லை. அளக்கறது நூறு கோடியில எத்தனை பங்குங்கற கணக்குல. தோழி சொன்னா, "காஞ்ச கடலையச் சரியா காய வெச்சு ஈரம் படாம மூட்டை கட்டினா இந்த நீலப் பொட்டே வராதுடி, ஆனா களத்துல மழை வந்தா விவசாயி என்ன பண்ணுவான்?" பதில் சொல்ல முடியாம ரெண்டு பேரும் அந்தப் பொட்டையே பாத்துட்டு இருந்தோம்.

நாள் 5: மைசூர்ல இருந்து சென்னை ரயில்ல

பகல் ரயில், ஜன்னல் சீட்டு. மண்டியா தாண்டறப்ப பாப்பா மிச்சக் கதையச் சொன்னா.

வில்ஸ் காரணி என்னன்னு பத்து வருஷம் தேடறாங்க. 1941-ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல நாலு டன் பசலை மாதிரிக் கீரையக் காய்ச்சி வடிச்சு ஒரு துளிச் சத்தை எடுக்கறாங்க. லத்தீன்ல இலைக்கு ஃபோலியம், அதனால ஃபோலிக் ஆசிட். நாலு டன் கீரைன்னதும் எனக்கு உக்கடம் மார்க்கெட்டுல லாரி நிக்கற காட்சிதான் கண்ணுல வந்துச்சு.

அப்புறம் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமாவரத்துல 1895-ல பொறந்த தெலுங்குக்காரர், படிச்சது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தி சொன்னார்னு ஆபரேஷன் கவுனைக் கதர்ல தச்சுப் போட்டுக்கிட்டார், அது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் புடிக்கல, முழு எம்.பி.பி.எஸ். குடுக்காம எல்.எம்.எஸ்.னு கீழ்ப் பட்டம் குடுத்து அனுப்பிட்டாங்க. கூடப் பொறந்தவங்களை ஸ்ப்ரூங்கற வயித்து நோய்ல பறிகுடுத்தவர், அவருக்கும் அது வந்து ஆயுர்வேதத்துலதான் பொழைச்சார். 1920-கள்ல அமெரிக்கா போய் ஹார்வர்டு, அப்புறம் நியூயார்க் பக்கம் லெடர்லேங்கற மருந்துக் கம்பெனி லேப். அங்க அவர் குழு 1945-ல ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையா செய்யறாங்க. அவர் வீட்டையே காலி பண்ணின ஸ்ப்ரூவுக்கும் அந்த ஃபோலிக் ஆசிட் மருந்தாச்சு. நம்ம ஊர்ல வீடு வீடா குடுத்தாங்களே யானைக்கால் மாத்திரை, அதுவும் அவர் தலைமையில அந்த லேப்ல இருந்து வந்ததுதான்.

பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்னு குழந்தைகள் ஆஸ்பத்திரி டாக்டர். ரத்தம் சம்பந்தப்பட்டதாச்சே, ரத்தப் புத்துநோய்க் குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் குடுத்துப் பாப்போம்னு குடுக்கறார். நோய் இன்னும் வேகமா ஏறிடுது. நம்ம அக்கா டானிக் குடுத்ததும் இதே நெனப்புலதான். ஆனா அவர் அங்க நிக்கல, குடுத்தா ஏறுதுன்னா தடுத்தா எறங்கணுமேன்னு திருப்பி யோசிச்சார். சுப்பாராவ் குழுவைக் கேக்கறார், அவங்க ஃபோலிக் ஆசிட் மாதிரியே உருவம் இருக்கற, ஆனா வேலை செய்யாத ஒண்ணைச் செஞ்சு அனுப்பறாங்க, அமினோப்டெரின். செல்லு பிரியணும்னா டி.என்.ஏ. நகல் எடுக்கணும், அதுக்கு ஃபோலிக் ஆசிட் வேணும், இந்தப் போலி போய் அது உக்கார்ற எடத்துல உக்காந்துக்கும். 1948 ஜூன் 3-ந்தேதி கட்டுரை வந்துச்சு. 16 குழந்தைகள், 10 பேருக்கு நோய் எறங்குச்சு. கொஞ்ச மாசத்துக்குத்தான், திரும்ப வந்துருச்சு, ஆனா அதுக்கு முன்னால ஒரு மருந்து குடுத்து அந்த நோய் இப்படி எறங்கினதை டாக்டருங்க பாத்ததில்லை. அமினோப்டெரினோட தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். கட்டுரை வந்த ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட்ல, சுப்பாராவ் செத்துட்டார், 53 வயசு.

இதைச் சொல்றப்ப பாப்பா குரல் மாறவே இல்லை, பாடம் ஒப்பிக்கற மாதிரி சொன்னா, நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன்.

எங்க வேலையிலயும் இப்படித்தாங்க, கொஞ்சூண்டு வஸ்து மொத்தத்தையும் மாத்திடும். ஒரு டன் வார்ப்பிரும்புல நானூறு கிராம் மெக்னீசியம் தங்கினா போதும், தகடு தகடா இருக்கற கிராஃபைட் உருண்டை உருண்டையா ஆயிடும், தட்டினா ஒடையற இரும்பு வளைஞ்சு குடுக்கற இரும்பாயிடும். அதே கொஞ்சம் கந்தகம் மிஞ்சிட்டா மெக்னீசியத்தைப் புடிச்சுக்கும், உருண்டை வராது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு மாத்திரையா குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்ற ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம்.

பெங்களூர்ல கொஞ்ச நேரம் நின்னுச்சு. எதிர் சீட்டுல ஒரு அம்மா ஏறினாங்க, எங்க பேச்சைக் கேட்டுட்டு, அவங்க தங்கச்சிக்குக் கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய், சிஸ்பிளாட்டின்னு ஒரு மருந்து ஏத்தறாங்க, அதைப் பத்தித் தெரியுமான்னு கேட்டாங்க. இது என் பக்கத்து விஷயம். எங்க லேப்ல வெண்கலத்துல செம்பு எவ்வளவுன்னு பாக்க பிளாட்டினம் வலையில கரண்ட் விட்டுச் செம்பைப் படிய வெப்போம், பிளாட்டினம் எதோடயும் சேராது, அசையாதுன்னு நம்பித்தான் அதை வெக்கறோம், சாயங்காலம் எடை போட்டு பீரோவுல வெச்சுப் பூட்டுவோம். 1960-கள்ல மிச்சிகன்ல பார்னெட் ரோசன்பெர்க்னு ஒரு விஞ்ஞானி அதே நம்பிக்கையில பாக்டீரியா இருக்கற தண்ணியில பிளாட்டினம் கம்பியப் போட்டு கரண்ட் விட்டார். பாக்டீரியா பிரியறது நின்னு போய், பிரிய முடியாம நூலு நூலா நீண்டுட்டே போச்சு. கரண்ட் இல்லை காரணம், அசையாதுன்னு நெனச்ச பிளாட்டினம் அந்தத் தண்ணியில இருந்த உப்போட சேந்து துளித்துளியா கரைஞ்சிருக்கு. பிரியறதை நிறுத்துதுன்னா புத்துநோயையும் நிறுத்துமான்னு பாத்தார். 1978-ல அமெரிக்காவுல மருந்தா அனுமதி கெடைச்சுச்சு. அந்த அம்மா கேட்டு முடிச்சுட்டு, "அப்ப என் தங்கச்சி ஒடம்புல ஏறறது பிளாட்டினமா"ன்னு ரெண்டு தரம் கேட்டாங்க. ஆமாங்க, பிளாட்டினம்தான். வாந்தி நெறைய இருக்கும், மூத்திரக்காய்க்கு ஆகாது, அதான் கூடவே அவ்வளவு சலைன் ஏத்தறாங்கன்னு சொன்னேன். காட்பாடியில எறங்கறப்ப பாப்பா தலையத் தடவிட்டுப் போனாங்க.

நாள் 6: சென்னை

காலைல அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வாசல். எங்க வைத்தியம் நடந்தது இங்க இல்லை, ஆனா பாக்கணும்னு ரெண்டு பேருக்குமே இருந்துச்சு. முத்துலட்சுமி ரெட்டி அம்மா, சுப்பாராவ் படிச்ச அதே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல அவருக்கு முன்னால படிச்சவங்க, தங்கச்சியப் புத்துநோய்க்குப் பறிகுடுத்தவங்க, முப்பது வருஷம் மனசுல வெச்சிருந்து 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்சாங்க. மகன் கிருஷ்ணமூர்த்தி, அப்புறம் வந்து சேந்த சாந்தா டாக்டர். சாந்தாம்மா 1955-ல வந்தவங்க 2021 ஜனவரியில போற வரைக்கும் அங்கயே இருந்தாங்க.

1957-ல இங்க புத்துநோய்க் கட்டிக்குக் கதிர் பாய்ச்சற கோபால்ட்-60 மெஷின் வந்துச்சு. எனக்கு கோபால்ட் நல்லாத் தெரியும். பெரிய வால்வ் காஸ்டிங்குக்குள்ள காத்துக் குமிழி இருக்கான்னு பாக்க நாங்க ரேடியோகிராஃபிக்கு, அதாவது கதிரை விட்டுப் படம் புடிக்க, அனுப்புவோம், கனம் கொறைவுன்னா இரிடியம், கனமான உருப்படின்னா கோபால்ட்-60. ராத்திரியில கயிறு கட்டி ஆளை வெலக்கி, மார்ல கதிர் அளக்கற பேட்ஜ் குத்திக்கிட்டு எடுப்பாங்க, காலைல ஃபிலிமை வெளக்குல வெச்சா இரும்புக்குள்ள இருக்கற ஓட்டை கறுப்பா தெரியும். அரை கை அகல இரும்பைத் துளைச்சுட்டுப் போற அதே கதிர்தான் இங்க ஒரு அம்மா வயித்துக்குள்ள இருக்கற கட்டிக்குப் போகுது. அஞ்சே கால் வருஷத்துல வீரியம் பாதியாகும், அதுக்குத் தகுந்த மாதிரி நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போடணும், ஃபவுண்டரியிலயும் அதே கணக்கு, இங்கயும் அதே கணக்கு. இங்க கணக்கு தப்பக் கூடாதுங்கறதுதான் வித்தியாசம்.

இன்னொண்ணு. 1980-கள்ல எம்.சி.பி. 841-ன்னு ஒரு சிகிச்சை முறை, பாப்பாவுக்கு வந்த அதே ரத்தப் புத்துநோய்க்கு, சென்னையில இங்க, பம்பாய் டாட்டா, டெல்லி எய்ம்ஸ் மூணு எடத்துல ஒரே மாதிரி குடுத்து இருவது வருஷக் கணக்கை எழுதி வெச்சாங்க. நம்ம ஆஸ்பத்திரிகளால தாங்கக் கூடிய, நம்ம புள்ளைங்க ஒடம்பு தாங்கக் கூடிய அளவு எதுன்னு பாத்துப் பாத்து செஞ்ச முறை. பாப்பா அந்தக் கட்டுரைய எடுத்துப் படிச்சிருக்கா. "நான் இதுல ஒரு வரியில கூட இல்ல சித்தி, ஆனா இதுல இருக்கற ஒவ்வொரு புள்ளையும் எனக்கு முன்னாடி வரிசையில நின்னுருக்கு"ன்னா. நான் வாசல்ல மரத்தடியிலயே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்.

சாயங்காலம் திருவல்லிக்கேணி, கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. இன்னமும் ஆட்டோக்காரங்களுக்கு கோஷா ஆஸ்பத்திரின்னாத்தான் சட்டுனு புரியுது. லூசி வில்ஸ் 1931-ல இங்க வேலை செஞ்சாங்க. குன்னூர்ல எலி, குரங்குன்னு நின்ன ஆராய்ச்சி மறுபடியும் கர்ப்பிணிங்க படுத்திருந்த கட்டிலுக்கு வந்தது அந்த வருஷங்கள்லதான்.

வெளிய டீக்கடையில நிக்கறோம். ஏழு மாசம் இருக்கும், ஒரு அக்கா கைல டீ கிளாஸ், இன்னொரு கைல மாத்திரை அட்டை, செவப்பு மாத்திரை. பிச்சு வாயில போட்டு டீய ஊத்தப் போனாங்க. பாப்பா பட்டுனு, "அக்கா, டீயோட வேணாம்க்கா, அதுல இருக்கற இரும்புச் சத்தை டீ புடிச்சுக்கும், ஒடம்புல சேராது. சோறு தின்னுட்டு ராத்திரி தண்ணியோட போடுங்க, எலுமிச்சம்பழச் சாறு கெடைச்சா இன்னும் நல்லது"ன்னா. அந்தக்கா மாத்திரைய அப்படியே உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, "வயித்தப் பொரட்டுது, கறுப்பா போவுது, அதான் ரெண்டு நாளைக்கு ஒண்ணுதான் போடறேன்"னாங்க. கறுப்பா போறது ஒண்ணும் பண்ணாதுக்கா, தெனமும் போடுங்க, பொரட்டினா நர்ஸம்மாகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டே பாப்பா அட்டையத் திருப்பி, பின்னால இருக்கற பொடி எழுத்தை வெளக்கு வெளிச்சத்துல புடிச்சுப் படிச்சா. இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் ஆசிட் 500 மைக்ரோகிராம். கட்டை வெரலால அந்த ரெண்டாவது வரிய ஒரு தரம் தடவிட்டு அட்டையத் திருப்பிக் குடுத்தா.

"இன்னாமா, டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்லக்கா, சாப்பாட்டுக்குப் படிக்கறேன்."

ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ். மார்மைட் பாட்டில்ல இன்னும் பாதி மிச்சம் இருக்கு, அக்காவுக்கு எடுத்துட்டுப் போறோம்.